தேதி தப்பு, செய்தி தப்பில்லை

பதினான்கு. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வாசகருக்குக் கிடைப்பது பதினான்கு நாள். அந்த நூலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மாளின் ரத்தத்திலேயே இந்த எண் ஊறிப்போயிருந்தது. யாராவது கல்யாணத் தேதி சொன்னால்கூட அவள் கை தானாக ரப்பர் முத்திரையின் சக்கரத்தைத் தேடும். அதனால் அவளுக்கு முத்திரை அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடும் நூலகம் அது. அந்த நேரத்தில் ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? பென்ஷன்காரர்கள் நாலு பேர், பேப்பரைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவர்கள் மூன்று பேர். வேலைக்குப் போகிறவன் அந்த வாசலை மிதிக்க வேண்டுமென்றால் வேலை போயிருக்க வேண்டும், இல்லை காய்ச்சல் வந்திருக்க வேண்டும். அக்காவின் மகளே உள்ளே வந்ததில்லை. அவள் துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி ஏழு வரை நின்றுகொண்டே வேலை செய்கிறவள். நர்ஸ் பயிற்சிக்குச் சேர நுழைவுப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பது ஒன்றரை அறை. அதில் அரை அறை அப்பாவுக்கும் அவருடைய டிவிக்கும் சொந்தம். மகள் குளியலறை வாசல்படியில் உட்கார்ந்து படித்தாள். அம்மா வேலை செய்கிற இடத்தில் ஒரு ஹால் நிறைய மேஜையும் விளக்கும் ஐந்து மணிக்கு மேல் இருட்டில் கிடந்தன. அக்காவுக்கு இது நெஞ்சில் குத்தாத நாளில்லை.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஊழியர்கள் எல்லாரும் புதிய இணையக் கருவிகளைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வலைப்பக்கம், குழுப் பக்கம், படம் ஏற்றுவது, வாக்கெடுப்பு நடத்துவது, இன்னும் என்னென்னவோ. கற்றுக்கொடுக்க ஆள் உண்டா என்றால் உண்டு, அரை நாளைக்கு. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பயிற்சியாளர் வந்தார். சுவிட்சைப் போடும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிற ஆறு பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதுக்கெல்லாம் பாடம் கிடையாது. எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க. தப்பு பண்ணுங்க. தப்பு பண்ணாதான் கத்துக்க முடியும். பயமே வேணாம், இது கடிக்காது."

பக்கத்தில் நின்ற தலைமை நூலகர் பலமாகத் தலையாட்டினார். பெரிய சார் என்பார்கள் அவரை. "ஆமா ஆமா, தாராளமா தப்பு பண்ணுங்க. நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்று சொன்ன அந்த வாயையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி செய்ய தனிப் பக்கம் வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டிருந்தார். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், கோப்பு நகர வேண்டும். பெரிய சாருக்குக் கோப்பு நகர்த்துவது பிடிக்காத வேலை. நூலகத்தின் நிஜப் பக்கத்தின் பாஸ்வேர்டையே ஒரு சீட்டில் எழுதி, கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். ஒத்திகையும் நாடகமும் ஒரே மேடையில். இது ஊழியர் யாருக்கும் சொல்லப்படவில்லை.

எல்லாரும் அமுக்கிப் பார்த்தார்கள். கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் பைண்டர் ஒரு அரிய புத்தகத்தைப் படம் எடுக்கப் போய்த் தன் கட்டை விரலை ஏற்றினார். அதற்கு எட்டு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

"என் மூஞ்சிக்கே இவ்வளவு மரியாதை கிடைச்சதில்லக்கா," என்றார்.

"உங்க மூஞ்சியவிட விரல் லட்சணமா இருக்கு, அதான்," என்றாள் அக்கா.

வாக்கெடுப்பு நடத்தக் கற்றுக்கொள்ளும் நாளில் பெண் ஊழியர்கள் சேர்ந்து ஒரு கேள்வி போட்டார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. மறுநாள் காலை வாக்கெடுப்பே காணவில்லை. ஓட்டு யாருடையது, அழித்தது யார் என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. தாழ்ப்பாள் இன்றுவரை வரவில்லை.

அக்காவின் முறை வந்தது. அறிவிப்பு எழுதி வெளியிடக் கற்றுக்கொள்ள வேண்டும். மனதில் தோன்றுவதை எழுதுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி அடித்தாள். "இன்று முதல் நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். வேலை முடிந்து எல்லாரும் வாருங்கள்."

படித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கீழே ஒரு கட்டம். அதில் "தேதி" என்று மட்டும் போட்டிருந்தது. என்ன தேதி, எதற்குத் தேதி என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. தேதி என்றால் அவளுக்கு ஒரே தேதிதான். வெளியே போனது திரும்பி வரும் தேதி. விரல் தானாகப் பதினான்கு நாள் கூட்டிப் போட்டது. பிறகு "வெளியிடு" என்ற பொத்தானை அமுக்கினாள். பக்கத்தைப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

"என்னக்கா, வந்துச்சா?" என்றார் பைண்டர்.

"ஒண்ணும் வரல. உங்க விரல்தான் இன்னும் நடுவுல உக்காந்திருக்கு."

வேலை செய்யவில்லை போல என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வேலை செய்திருந்தது. அந்தக் கட்டம் அறிவிப்பு திரும்பி வரும் தேதியைக் கேட்கவில்லை, வெளியே போகும் தேதியைக் கேட்டது. நூலகத்தில் வேலை பார்த்த கைதான் இந்தத் தப்பைச் செய்யும். பதினான்கு நாள் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. எல்லாரும் மறந்துபோன பிறகு, ஒரு காலையில், உறுப்பினர் ஒவ்வொருவருடைய கைபேசிக்கும் அந்த இரண்டு வரியை அனுப்பியது. அவர்கள் மூலம் அது உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் பரவியது.

அன்று மாலை வாட்ச்மேன் கேட்டைச் சாத்தப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அக்கா, வெளிய ஏதோ கூட்டம். தகராறுன்னு பாத்தா எல்லார் கையிலயும் புக்கு."

ரொட்டிக் கடைக்காரர் கையில் மாவோடு நின்றார். பஸ் கண்டக்டர் காக்கிச் சட்டையை மாற்றாமல் வந்திருந்தார். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி பையனைக் கையில் பிடித்திருந்தாள். சந்தோஷமாக நின்றார்கள், அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. கைபேசியில் செய்தியைக் காட்டினார்கள். அவள் தன் எழுத்தைத் தானே படித்தாள்.

பெரிய சார் வெளியே வந்தார். செய்தியைப் படித்தார். முகம் கறுத்தது.

"இது ஒரு ஊழியர் பண்ணின தப்பு. லைப்ரரி அஞ்சு மணிக்கு மூடும். எல்லாரும் கலைஞ்சு போங்க."

"நீங்கதானே சார் வரச் சொன்னீங்க? ஷிப்ட மாத்திக்கிட்டு வந்திருக்கேன்," என்றார் கண்டக்டர்.

"நான் சொல்லல. அந்தம்மாவக் கேளுங்க!" என்று விரலை நீட்டினார்.

கூட்டம் முழுவதும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. தாராளமா தப்பு பண்ணுங்க, நான் இருக்கேன் என்றவர் கேட்டை அவரே இழுத்துப் பூட்டினார். ஹாலில் விளக்கு அணைந்தது.

ஏழரை மணிக்கு மகள் வீட்டுக்கு வந்தாள். பையைத் தூக்கி எறிந்தாள்.

"அம்மா, உங்க லைப்ரரி வாசல்ல போய் நின்னேன்மா. மெசேஜ் வந்துச்சு. கடையில ஒருத்திகிட்ட கெஞ்சி அவள நிக்க வெச்சிட்டு ஓடினேன். பூட்டிக் கெடக்கு. யாரோ ஒரு பொம்பள தெரியாம எதையோ அமுக்கிட்டாளாம். ஏம்மா, தெரியாதவங்கள எல்லாம் ஏன்மா வேலைக்கு வெக்கிறாங்க?"

அக்கா தட்டில் சோற்றைப் போட்டாள்.

"அந்தப் பொம்பள நான்தான்டி."

டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முதல் தடவையாக அதை அணைத்தார்.

மறுநாள் காலை மேஜைமேல் மெமோ. அதோடு டைப் அடித்துத் தயாராக வைத்த ஒரு விளக்கக் கடிதம். "எனது கவனக்குறைவால் தவறான செய்தியை வெளியிட்டேன். மன்னிப்புக் கோருகிறேன். இனி இத்தகைய சோதனை முயற்சிகளில் ஈடுபட மாட்டேன்." கையெழுத்துப் போட்டால் கவுண்டர். போடாவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய புத்தகக் கிடங்கு. ஜன்னல் இல்லாத, ஆள் வராத இடம். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

"போட்டுட்டு வேலையப் பாரும்மா," என்றார் பெரிய சார். "நானும் பெரிசு பண்ண விரும்பல."

"சார், தப்பு பண்ணுங்கன்னு சொன்னது யாரு?"

"அது வேற, இது வேற."

"எது வேற? நான் பண்ணினா மெமோ. நெஜப் பக்கத்தோட பாஸ்வேர்ட ஒட்டி வெச்சது யாரு? அவங்களுக்கு மெமோ எங்க?"

"குரல ஒசத்தாதீங்க."

"முப்பது வருஷமா இங்க எல்லாரும் குரலத் தாழ்த்தித்தான் பேசுறோம். லைப்ரரின்னு பழக்கிட்டீங்க. இன்னிக்கு ஒசத்துறேன். வாசல்ல வந்து நின்னவங்கள்ல ஒருத்தி என் பொண்ணு. அவகிட்ட நான் என்ன சொல்லணும்? நீ வந்ததே தப்புன்னா?"

பைண்டர் கதவோரம் வந்து நின்றுவிட்டார். பெரிய சார் பேனாவை நீட்டினார். "சைன் பண்ணுங்க."

அக்கா பேனாவை வாங்கினாள். கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். "தவறான செய்தி" என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் நிதானமாக எழுதினாள். "தேதி தப்பு, ஒத்துக்கொள்கிறேன். செய்தி தப்பில்லை." கையெழுத்தைப் போட்டாள். பிறகு கவுண்டருக்குப் போய்த் தன் முத்திரையை எடுத்து வந்தாள். சக்கரத்தைப் பதினான்கு நாள் தள்ளித் திருகினாள். கடிதத்தின் நெற்றியில் டப்பென்று குத்தினாள்.

"என்ன இது?"

"ஜனங்க வரக்கூடாதுன்னு நீங்க எழுத்துல குடுங்க, சார். அதுக்கு இதுதான் கெடு. லேட்டானா அபராதம் உண்டு."

பைண்டருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

மதியத்துக்குள் அவள் கீழ்த்தளத்தில் இருந்தாள். முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறிவிப்பையும் அழித்துவிட்டார்கள். ஆனால் கைபேசிகளில் இருந்ததை யார் அழிப்பது? கண்டக்டர் அன்று மாலையும் வந்தார். ஆயா வந்தாள், மகள் வந்தாள். உள்ளே விடாததால் கேட்டுக்கு வெளியே தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து படித்தார்கள். அக்கா ஐந்து மணிக்குக் கிடங்கைப் பூட்டிவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். அடுத்த நாள் பைண்டரும் வந்தார், பிறகு வாட்ச்மேன் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து ஆயாவின் பையனுக்குப் போட்டார். பெரிய சாரின் கார் வெளியே வரும்போதெல்லாம் இவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தர் கார் ஜன்னலில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"வரக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க சார், போயிடுறோம்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. எப்படி எழுதுவார்? பொது நூலகத்துக்குப் பொதுமக்கள் வரக்கூடாது என்று எந்தப் பேனாவால் எழுதுவார்?

அக்கா வைத்த கெடு தாண்டியது. அதற்குள் தெருவில் படிக்கிற கூட்டத்தின் படம் கைபேசி கைபேசியாகப் போயிருந்தது. படத்தை ஏற்றியவர் பைண்டர். இந்த முறை விரல் குறுக்கே விழவில்லை. மேலிடம் விழித்தது. கெடு தாண்டி மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. "சோதனை அடிப்படையில்" நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். பெரிய சார் நூலகப் பக்கத்தில் தன் படத்தைப் போட்டு, தன் நெடுநாள் கனவு நனவானது என்று எழுதினார். வெட்கம் என்ற ஒன்றை அவர் எந்தக் காலத்திலும் எந்த நூலகத்திலும் இரவல் வாங்கியதில்லை. மூன்று நாள் தாமதத்துக்கு அபராதமும் கட்டவில்லை.

அக்காவைக் கவுண்டருக்குத் திருப்பி அழைக்கவில்லை. இன்றும் கீழேதான் இருக்கிறாள். மெமோ ரத்தாகவில்லை. சோதனை செய்யச் சொன்னவர் மேலே, சோதனை செய்தவள் கீழே.

எட்டு மணி வரை திறந்த முதல் நாள், மாலை ஐந்து மணிக்கு அவள் கிடங்கைப் பூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். ஹாலில் விளக்குகள் எரிந்தன. ஜன்னலோர மேஜையில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்காரர். ஏழு மணிக்கு மேல் மகள் மூச்சு வாங்க ஓடிவந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத் திறந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்தும்போது அக்கா கேட்டாள்.

"எத்தன பேருண்ணே?"

"இருநூத்திப் பதினொண்ணு."