பறந்துபோன கூரை

எடைமேடைக்காரருக்குத் தெரிந்த திசை ஒன்றே ஒன்றுதான். அது கீழ்நோக்கி.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பார்த்த வேலை அப்படி. லாரி மேடையில் ஏறினால் எண்ணைப் பார்ப்பார்; இறங்கினால் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். மணலோ, இரும்போ, உருளைக்கிழங்கோ, அவருக்கு எல்லாம் எடைதான். மனிதர்களையாவது விட்டுவைத்தாரா என்றால் அதுவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியை ஏற இறங்கப் பார்த்து, "எண்பத்திரண்டு இருக்கும்" என்பார். "எழுபத்தொன்பதுதான்" என்று யாராவது மறுத்தால் விடமாட்டார், மேடைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவர் வீட்டுப் பக்கம் தலைகாட்டாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பல வருஷமாக அவர் வீடு திரும்பும் நேரமும் அவள் கிளம்பும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. வாசலில் சாவியைக் கைமாற்றியதுதான் அவர்கள் நடத்திய குடும்பம் என்றுகூடச் சொல்லலாம். ஒருவழியாக அவளுக்குக் காலை வேலை கிடைத்தது. இனி சாயங்காலம் நம்முடையது என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்குப் பின்னால் தன் கையாலேயே பலகை அறுத்து ஒரு மரத்தளம் போட்டார். அதன்மேல் இரண்டு நாற்காலி.

தளம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் சாயங்காலம்வரை அங்கேயே குடியிருந்தது. ஒரு நாள் தூறல் விழுந்ததும் அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அவர் காலி நாற்காலியைப் பார்த்தபடி தேநீர் குடித்தார். எடைமேடையின் கண்ணாடி அறையிலும் தனியாள், வீட்டிலும் தனியாள் என்றால் இவ்வளவு பலகையை ஏன் அறுத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"மேல ஒரு கூரை போட்டுடறேன்" என்றார்.

"போடுங்க. ஆனா நான் அதுக்குக் கீழ உட்கார மாட்டேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்பு ஒரு முறை அடுப்புக்கு மேலே அவர் மாட்டிய அலமாரி, பாத்திரங்களோடு சேர்ந்து கீழே வந்தது. கரித்துணி எடுக்க அவள் அந்தப் பக்கம் திரும்பியதால் தலை தப்பியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் கடிகாரம்கூட மேஜைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சூடு கண்ட பூனையின் பயத்தைத் தெளியவைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று எடைமேடைக்காரர் களத்தில் இறங்கினார். இரண்டு கைக்கும் அடங்காத தடிமனில் நான்கு கால்கள். மேலே உத்தரம், சட்டங்கள், தகரம். வீட்டுச் சுவரைத் தொடாமல் தனியாகவே நிறுத்தினார். தளத்தின் பலகைமேல் கால்கள் கம்பீரமாக நின்றன. பிறகு மேலே மணல் மூட்டைகளை ஏற்றினார். அசையவில்லை. தானும் ஏறினார். அப்போதும் அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்த மைத்துனனையும் கூப்பிட்டு ஏறச் சொன்னார். மைத்துனன் லாரி ஓட்டுகிறவன்.

ஏறுவதற்கு முன் அவன் குனிந்து பார்த்தான். "மாமா, காலெல்லாம் பலகை மேல சும்மா நிக்குதே?"

"சும்மாவா? எவ்வளவு கனம் தெரியுமா? இதை அசைக்க யானைதான் வரணும்."

மனைவி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். தம்பி கூரைமேல் குதித்ததையும் பார்த்தாள். கடைசியில், "சரி, ஞாயித்துக்கிழமை வந்து உட்காருறேன்" என்றாள். மூட்டைகளை இறக்கிவிட்டு வேலைக்குப் போனவர் அன்று எந்த லாரிக்காரனிடமும் சண்டை போடவில்லை.

ஞாயிறு வந்தது. அவள் இரண்டு கோப்பைத் தேநீரோடு கதவைத் திறந்தாள். யானை வரவில்லை, காற்றுதான் வந்தது. மழைக்கு முன் வரும் அந்த ஒரு வீச்சில் கூரை முனகியது, மெல்ல எழுந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேலியைத் தாண்டிப் போய் மைத்துனன் வீட்டுத் தக்காளிச் செடிகளின்மேல் மல்லாந்து விழுந்தது. நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன.

அவள் ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வேலிக்கு மேலே மைத்துனனின் தலை தெரிந்தது. "மாமா, உங்க கூரை எங்க வீட்டுக்கு வந்திருக்கு. சாப்பாடு போட்டு அனுப்பட்டுமா?"

செய்தி லாரிகளைவிட வேகமாக எடைமேடைக்குப் போய்ச் சேர்ந்தது. "கூரை தரையிறங்கிடுச்சா சார்?" என்று கேட்காத ஓட்டுநர் இல்லை. அவர் சீட்டைக் கிழித்த வேகத்தில் எண்ணும் சேர்ந்து கிழிந்தது.

மைத்துனன்தான் கடைசியில் சொன்னான். "லோடு மேல தார்ப்பாய் போட்டு ஏன் இறுக்கிக் கட்டுறோம்? அது கீழ விழும்னா? காத்து தூக்கிட்டுப் போயிடும்னுதானே மாமா?"

"காத்துக்கு எடை ஏதுடா?"

"எடையை விடுங்க. அதுக்குக் கை இருக்கு. அடியில கையைக் கொடுத்துத் தூக்கும். நீங்க கூரையை உட்கார வச்சீங்க, கட்டி வைக்கலையே."

எடைமேடைக்காரர் ஒரு பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். தன் வாழ்க்கையில் மேல்நோக்கி ஒரு திசை இருப்பதை ஒப்புக்கொள்வது லேசான காரியமா? பிறகு கூரையை வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, தளத்தின் பலகையை வெட்டி, மண்ணைத் தோண்டி, கால்களைத் தளத்தின்மேல் நிறுத்தாமல் தரைக்குள் கான்கிரீட்டில் இறக்கிய இரும்புப் பிடிகளில் நிறுத்தினார். காலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும் போல்ட். ஒவ்வொரு சட்டத்தையும் இரும்புப் பட்டையால் உத்தரத்தோடு கட்டினார். தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் தகரத்துக்கு வெளிப்பக்கமாகச் சரிவு கொடுத்தார்.

சோதித்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதே! மைத்துனனின் லாரி ஜாக்கியை உத்தரத்துக்கு அடியில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் குளியலறை எடை இயந்திரத்தைத் தலைகீழாகச் செருகி, மேல்நோக்கித் தூக்கினார். முள் ஓடியது, கடைசி எண்ணைத் தாண்டியது. கண்ணாடி படீரென்று உடைந்தது. கூரை இம்மியும் அசையவில்லை. எடை இயந்திரம் போனதற்கு மட்டும் மனைவி வருத்தப்படவில்லை.

ஆனாலும் வெளியே வரவில்லை. "நல்லா இருக்கு" என்று ஜன்னலிலேயே சொல்லிவிட்டாள்.

வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் உள்ளே ஓடும் நேரத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தார். காற்று வந்தது, மழை தகரத்தில் அடித்தது. உள்ளதைச் சொன்னால் அவருக்கும் பயம்தான். கை அவரைக் கேட்காமலேயே தூணைப் பிடித்துக்கொண்டது.

சமையலறைக் கதவு திறந்தது. "ஏங்க, உள்ள வாங்க!"

"நீ வெளிய வா!"

"பறந்துட்டீங்கன்னா?"

"பறந்தா எங்க போயிடப் போறேன்? உன் தம்பி வீட்டுக்குத்தானே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கோபப்படுவது எப்படி என்று தெரியாமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்து, இன்னொரு தூணைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க அதைப் பிடிங்க. நான் இதைப் பிடிச்சுக்கிறேன்."

காற்று அடியில் கையைக் கொடுத்துப் பார்த்தது. பட்டைகள் கிறீச்சிட்டன. கூரை நின்றது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசத் தெரிந்த ஒரே பேச்சுதான் வாயில் வந்தது.

"இனி அசையாது. அறுபத்தெட்டு கிலோ கூடியிருக்கு."

அவள் தூணை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அறுபத்தாறு."

வீட்டில் இருந்த எடை இயந்திரம் உடைந்துவிட்டது. மேடை இருந்தது ஊருக்கு வெளியே. அவர் தன் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

"அறுபத்தாறுதான்" என்றார்.