காலியாக விட்ட இடம்

ஒரத்தநாட்டு பிளெக்ஸ் கடையிலிருந்து இப்போதுதான் வந்தேன். தலை வலிக்கிறது.

ஆன்லைனில் டிசைன் கற்கிறேன். இந்த வாரப் பாடம்: நிறைய இடத்தைக் காலியாக விடுங்கள், அப்போதுதான் முக்கியமானது கண்ணில் படும்.

பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பேனர் நான்தான் செய்தேன். நடுவில் பெரியப்பா, பெரியம்மா. சுற்றிலும் வெறும் சந்தன நிறம். எனக்கே பிடித்திருந்தது.

கூட வந்த அப்பா பார்த்தார்.

"இவ்ளோ எடம் சும்மா கெடக்கே. சித்தப்பா படம் எங்கம்மா?"

"எடம் விட்டாதாம்ப்பா பெரியப்பா எடுப்பா தெரிவாரு."

"அவன் படம் இல்லேன்னா விசேஷத்துக்கே வரமாட்டான். எனக்கும் அவனுக்கும் வரப்புத் தகராறு இப்பதான் அடங்கியிருக்கு. எம்படத்தையும் அதே அளவுல போடு. ஒரு விரக்கடை கூடக்கொறைய இருந்தா மறுபடியும் சர்வேயரத்தான் கூப்பிடணும்."

போட்டேன். பிறகு அத்தை வீடு, மாமா வீடு, மாப்பிள்ளைகள். பெரியப்பா தபால்தலை அளவுக்கு வந்துவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். ஒரு சாண் வரப்புக்குக் கோர்ட் ஏறிய குடும்பத்தில், அத்தனை இடத்தைக் கேட்பாரற்றுப் போட்டு வைத்தேன்.

உங்கள் ஊர் பேனரில் யாராவது காலி இடம் பார்த்திருக்கிறீர்களா? இருந்தால் கமென்டில் படம் போடுங்கள். கும்பிட்டுக்கொள்கிறேன்.