பக்கத்து இருக்கை

ஏற்காட்டிலிருந்து சேலம் போகும் காலை பஸ்ஸில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். புற்றுநோய்க்குக் ‘கரண்டு வைக்க’, அதாவது கதிர்வீச்சு எடுக்க, தினமும் ஆஸ்பத்திரி போய்வந்தார். கழுத்து கருத்திருந்தது. முகக்கவசத்தை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நோய் ஒட்டிவிடுமென்று பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன், முதல் வளைவிலேயே தும்மிவிட்டேன்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க, தள்ளி உக்காருங்க. கரண்டு வெச்சதுல ரத்தத்துல வெள்ளை அணு நொம்பக் கொறஞ்சுபோச்சுங்க. என்ற நோவு உங்களுக்கு ஒட்டாது. உங்க சளி எனக்கு ஒட்டுனா உசுருக்கே ஆபத்துங்களாம்.”

பின்னால் போய் உட்கார்ந்தேன். சேலத்தில் இறங்கியதும் எட்டி நின்றபடி சொன்னார்: “இத்தன நாள்ல நீங்க ஒருத்தருதான் பக்கத்துல வந்தீங்க. உங்களையே எந்திரிக்கச் சொல்லும்படி ஆயிருச்சுங்க.”

சளி தீர்ந்தபின் பலமுறை அதே பஸ்ஸில் ஏறினேன். அவரைப் பார்க்கவேயில்லை. சிகிச்சை முடிந்திருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறேன்.