இல்லை என்று சொல்லும் நோயாளி

எனக்கு வராத நோய் கிடையாது. சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஒருமுறை கர்ப்பம்கூட வந்தது, அதுவும் பேரன் எடுத்த வயதில். பிழைப்பு தையல்தான். தேர்வு சமயத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பார்மசித் துறையிலிருந்து கூப்பிட்டனுப்புவார்கள்; போய் நோயாளியாக உட்காருவேன். மாணவர்கள் என்னிடம் விசாரித்து, மருந்தைக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்க வேண்டும். மூலையில் பேராசிரியர் உட்கார்ந்து மார்க் போடுவார். எரிந்துவிழும் நோயாளி தேவையென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் முன்கோபத்துக்கு மரியாதை கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

அந்தப் பெண்ணை அங்கேதான் பார்த்தேன். கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மியூட்'. ஆய்வுக்கூடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்த மருந்துக்கு என்ன அளவு, என்ன பக்கவிளைவு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எதிரே ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இரண்டு முறையும் எதிரே உட்கார்ந்திருந்தது நான்தான்.

இரண்டாம் முறை தோற்ற அன்று கேன்டீனில் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயத் தொறந்து இன்னொரு கேள்வி கேக்க உனக்கு என்னம்மா கேடு?"

"நோயாளி ஒண்ணு சொன்னதுக்கப்புறம் திரும்பக் கேட்டா, நம்பாத மாதிரி ஆயிடும்ல."

"ஆனா ஆகட்டும். நீ என்ன அவங்ககிட்ட சம்பந்தமா பேசப் போற?"

சிரித்தாள். சிரித்த கையோடு அழவும் செய்தாள். மூன்றாவது முறையும் தவறினால் படிப்பை விட்டே நீக்கிவிடுவார்களாம். நாலு வருஷப் படிப்பும் அம்போ. படிக்க வைப்பது அண்ணன். அண்ணியோ இப்போதே துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். அண்ணியைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. இப்படியும் ஒரு பெண்ணா என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது தேர்வு வந்தது. இந்த முறை எனக்குக் கொடுத்த வேஷம் இது: ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்க வந்திருக்கிறேன். மூட்டு வலிக்கு நானாகவே கடையில் வாங்கி, தினமும் வலி மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். வேறு மருந்து உண்டா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்று தனியாகக் கேட்டால்தான் உண்மையைச் சொல்லலாம். அதைக் கேட்காமல் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால், மற்றதெல்லாம் சரியாகச் சொன்னாலும் ஃபெயில். போதாததற்குக் கோபக்கார நோயாளி வேறு. எந்த மகராசன் யோசித்தானோ, இவளுக்கென்றே செய்தது போலிருந்தது.

உள்ளே வந்தவளுக்கு என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"வணக்கம்மா. வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"நிஜமாவே..."

"அதான் இல்லன்னு சொன்னேன்ல? காது கேக்கலையா? பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் குடும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஒப்பிக்க ஆரம்பித்தாள்: தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், மறந்துவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அத்தனையும் சரி, அத்தனையும் வீண். முழங்காலை ஒரு தடவை தேய்த்துக் காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள். கை தானாக நகர்ந்தது. மூலையிலிருந்த பேராசிரியரின் பார்வையும் கூடவே நகர்ந்தது. கையை மடிக்குள் அழுத்திக்கொண்டேன். கேட்டுத் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்தினேன்.

மாத்திரைகளைக் கவரில் போட்டு நீட்டினாள். வாங்க மாட்டேன் என்று நான் சொல்ல முடியாது. பிடித்தேன். கவர் வரவில்லை. அவள் இன்னும் விடவில்லை.

"விடும்மா."

"கொஞ்சம் இருங்கம்மா..."

மணி அடித்துவிட்டது.

"நேரம் முடிஞ்சுது. கொடுத்துட்டு எழுந்திரு" என்றார் பேராசிரியர்.

எழுந்திருக்கவில்லை. கவரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கொடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"இவங்க முழுசா சொல்லல சார். கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்." என் பக்கம் திரும்பினாள். "திட்டுனாலும் பரவாயில்லம்மா. உடம்பு வலிச்சா என்ன போடுவீங்க? கடையில வாங்குனதோ, பக்கத்து வீட்டுல குடுத்ததோ, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

திட்ட வேண்டியவள்தான் நான். வாய் வரவில்லை.

"மூட்டு வலிக்கு மாத்திரை போடுறேன். தினமும்."

கவரை என் விரல்களிலிருந்து உருவி, தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "அப்ப இத இப்ப தர முடியாதும்மா. நான் டாக்டர்கிட்ட பேசிட்டு வரேன்."

பேராசிரியர் எழுந்து வந்தார். "மணிக்கப்புறம் கேட்டதுக்கு மார்க் கிடையாது" என்றார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மணியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

"ஆனா நீ மருந்தக் கொடுக்கலையே. கொடுத்தாத்தான் ஃபெயில்" என்றவர் தாளில் எதையோ கிறுக்கினார். "பாஸ். தொட்டுக்கோ துடைச்சுக்கோன்னு ஒரு பாஸ்."

"அவங்க அவ்வளவு திட்டியும் ஏம்மா விடல?" என்று கேட்டார் அவர்.

"எங்கம்மாவும் இப்படித்தான் சார். வலிக்குதாம்மான்னு கேப்பேன். இல்லன்னு எரிஞ்சு விழுவாங்க. நானும் விட்டுடுவேன். டப்பா டப்பாவா வலி மாத்திர சாப்பிட்டிருக்காங்கன்னு ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது. அப்ப ஒண்ணும் செய்ய முடியல."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நான்தான் முதலில் அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அடுத்தவனை உள்ளே விட்டார்கள். கணீரென்ற குரல், வாய் நிறையச் சிரிப்பு.

"வேற மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களாம்மா?"

"இல்ல" என்றேன்.

"ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி, ஒன்று விடாமல் அழகாக விளக்கிவிட்டு, மாத்திரைக் கவரை என் கையில் வைத்தான்.