மொழிபெயர்ப்பாளர் இருந்தார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலுக்கு, அதாவது நகரசபைக்கு, தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். முழுநேர வேலை அல்ல. போன் வரும், பள்ளிக்கூடமோ, டாக்டரின் அறையோ, சொன்ன இடத்துக்குப் போவேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் மொழி எனக்குப் பயமாக இருக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் என்னைக் கண்டு பயந்தார்கள். அந்த நாட்களில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் ஊர் எது என்று கேட்டால், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கும். நீ யாருடைய ஆள்? இங்கே கேட்டதை எங்கே போய்ச் சொல்வாய்? எங்களில் பலருடைய அகதிக் கோப்புகள் குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தின் ஏதோவொரு மாடியில் கிடந்தன. கவுன்சில் வேறு, குரோய்டன் வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்பியதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அதில் முழு நம்பிக்கை இருக்கவில்லை.

ஒரு நாள் வந்த அழைப்பு வழக்கத்துக்கு மாறானது. கவுன்சிலின் சுகாதாரக் குழு ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது, முறைப்பாடு செய்த தமிழ்ப் பெண்ணுக்காக நான் வரவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கவுன்சிலர்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. வராவிட்டால் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதுவார்கள் என்பதால் வந்தார்கள்.

அந்தப் பெண் கூட்ட அறைக்கு வெளியே, கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மன்னார் ஆள், வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். பங்குச் சுவாமியார் எழுதிக் கொடுத்த கடிதம்தான் ஒரு கவுன்சிலரின் கைக்குப் போய், அவரை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

“என்ன நடந்ததெண்டு எனக்கு ஒருக்கா முதல்ல சொன்னீங்களெண்டால், உள்ளுக்கை சுகமாயிருக்கும்” என்றேன்.

“உள்ளுக்கை கேப்பினம்தானே. அப்ப சொல்லுறன்.”

பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தபடியே கேட்டார்: “நீங்கள் அந்த ஆஸ்பத்திரியிலயும் வேலை செய்யிறனீங்களோ?”

“இல்லை. கவுன்சிலுக்கு மட்டும்தான்.”

அவர் தலையை ஆட்டினார். ஆனால் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே நீண்ட மேசை. தலைமை வகித்தவர் ஒரு பெண் கவுன்சிலர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆளை நேராகப் பார்க்கிறவர். அவருக்கு எதிரே எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணின் மேல் அவர்களில் யாருக்கு அக்கறை, யாருக்குத் தலைப்புச் செய்தி தேவை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும், அதுதான் விதி. “எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஏதோ நிறையச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லையாம், திரும்பக் கூப்பிடுவார்களாம் என்று எனக்குத் தமிழில் சொல்லப்பட்டது. நான் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஐந்து மாதம் போனது. கட்டி பெருத்தது.”

இப்போது அது புற்றுநோய் என்று தெரிந்து, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி நிர்வாகி, சாம்பல் நிறக் கோட்டுக்காரர், கோப்பைத் திறந்தார். “அடுத்த செவ்வாய்க்கிழமையே ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லப்பட்டது. அவர் வரவில்லை. அதனால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. அன்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.” தாளை உயர்த்திக் காட்டினார். ஒரு சிறிய சதுரம். அதற்குள் ஒரு சரி அடையாளம்.

“கவுன்சிலின் மொழிபெயர்ப்பாளரா?” என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டார்.

“அப்படித்தான் இருக்கவேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?”

அறையில் எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. அந்தக் கவுன்சிலில் அப்போது தமிழுக்கு நான் ஒருத்திதான். இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்களா? பிழை என் தலையில் விழுந்தால் ஆஸ்பத்திரி தப்பிவிடும். எதிர்க்கட்சிக்கும் கவுன்சிலை அடிக்க ஒரு தடி கிடைத்துவிடும். நான் அங்கே இருக்கவில்லை என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த மேசையில் சொந்த வாய் கிடையாது.

தலைவி அந்தப் பெண்ணிடம் கேட்டார்: “இந்தப் பெண்மணிதான் அன்று உங்களுக்கு மொழிபெயர்த்தவரா?”

அதையும் நானே சொல்லவேண்டியிருந்தது. “அண்டைக்கு உங்களுக்கு மொழிபெயர்த்தது இந்தப் பெண்மணியோ எண்டு கேக்கிறா.”

அவர் என்னை ஆற அமரப் பார்த்தார். “இவ இல்லை. இவவை இண்டைக்குத்தான் கண்டனான்.”

ஆங்கிலத்தில் சொல்லும்போதே, அது பொய்போல ஒலிப்பது எனக்குக் கேட்டது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“அவர் சொன்னது அதுதானா? அப்படியேவா?” என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

நான் வாயைத் திறக்க முதல் அந்தப் பெண் நிமிர்ந்து, தன்னிடமிருந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னார்: “நொட் ஷி. மேன்.”

பேனா மூடும் சத்தம் நின்றது. “யார் அந்த ஆண்?” என்று தலைவி கேட்டார்.

அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். “சொன்னால் அந்த ஆளுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ?”

என்னிடம் மட்டும் கேட்டதுபோல் கேட்டார். ஆனால் சொல்லப்படும் எல்லாவற்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்தவள் நான். கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் இருண்டது. யாருக்கும் எதுவும் நடக்காது என்று தலைவி உறுதி சொன்னார். அந்த உறுதியைத் தமிழில் சொன்னேன். நாங்கள் இருவருமே அதை நம்பவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

“முகம் நினைவில்லை” என்றார் அந்தப் பெண்.

“வெள்ளைக் கோட் போட்டிருந்தாரா? பெயர் அட்டை?” என்று தலைவி கேட்டார்.

“இல்லை. கையில வாளி இருந்தது. நிலம் ஈரம், வழுக்கும், பாத்து நடவுங்கோ எண்டு தமிழில சொன்னவர். அதைக் கேட்ட நர்ஸ்தான் அவரை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு வந்தவ.”

ஆங்கிலத்தில் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வைத்தேன். தலைவி நிர்வாகியிடம் திரும்பினார். “இந்தச் சதுரத்தில் சரி போட்டது யார்? இதேபோல இன்னும் எத்தனை தாள்கள் உங்களிடம் இருக்கின்றன?”

நிர்வாகி கோப்பை மூடினார். எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார்.

சில கிழமைகளில் கூட்டக் குறிப்பின் பிரதி எனக்கு வந்தது. வாசித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். ‘நோயாளியின் மொழி தெரிந்த ஊழியர் ஒருவரின் உதவி பெறப்பட்டது’ என்று இருந்தது. அவ்வளவுதான். வாளியும் இல்லை, நர்ஸும் இல்லை. எழுதியவர் சுருக்கியதா, யாரோ சுருக்கச் சொன்னதா? திருத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தால் இன்னொரு பயம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் துப்புரவுத் தொழிலாளி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

மொழிபெயர்ப்பாளர் ஆட்களை வீட்டில் போய்ப் பார்க்கக்கூடாது. நான் போனேன். ஒப்பரேஷன் முடிந்து அந்தப் பெண் குட்மேய்ஸில் தங்கை வீட்டில் இருந்தார். கதவைத் திறந்த தங்கை என்னை வாசலிலேயே நிறுத்தி, யார் அனுப்பியது என்று இரண்டு தரம் கேட்டாள். உள்ளே அவர் தலையணைகளில் சாய்ந்து, மெலிந்துபோய் இருந்தார். குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“நான் சொன்னது இதில்லையே” என்றார்.

“ஓம். திருத்தச் சொல்லி எழுதலாம். ஆனால் அந்த ஆளைத் தேடுவினம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: “வாளியை எழுதச் சொல்லுங்கோ, அக்கா. ஆளை எழுதவேண்டாம். அந்த மனுசன் அண்டைக்கு என்னை நிமிந்தும் பாக்கேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டுதான் கதைச்சது.”

அப்படியே எழுதினேன். அடுத்த கூட்டத்தில் தலைவி அந்தத் திருத்தத்தை வாசித்துப் பதியவைத்தார் என்று கேள்விப்பட்டேன். கோடை முடிவதற்குள் ஆஸ்பத்திரி கிழமையில் இரண்டு காலைகளுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணை வேலைக்கு எடுத்தது. நானும் விண்ணப்பித்தேன், என்னை எடுக்கவில்லை. திருத்தம் எழுதியதற்கான தண்டனை என்று பல வருடம் நினைத்திருந்தேன். வந்தவர் என்னைவிடக் கெட்டிக்காரியாகவும் இருந்திருக்கலாம்.

இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம், இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் என் பின்னால் வருவது தெரிந்தது. நான் நின்றேன், அவரும் நின்றார். ஐம்பது வயதிருக்கும். பையை மாரோடு பிடித்துக்கொண்டேன்.

“நீங்கள்தானே கவுன்சில்ல தமிழ் கதைக்கிறனீங்கள்?”

“நீங்கள் ஆர்?”

“வாளி” என்றார். சிரிக்கவில்லை. “என்னைச் சமையலறைப் பக்கம் மாத்திப்போட்டினம். அது பரவாயில்லை. என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, தங்கச்சி. என்ரை பேர் குரோய்டனுக்குப் போயிட்டுதோ?”

“அண்ணை, உங்கடை பேர் எனக்கே தெரியாது.”

அவர் என் முகத்தில் எதையோ தேடினார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு நான் கேட்காமலே சொன்னார். “அந்த டாக்டர் சொன்னது பாதி எனக்கு விளங்கேல்லை. செவ்வாய்க்கிழமை எண்டது விளங்கினது. ஊசி எண்டதும் விளங்கினது. எந்த இடத்தில எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஒரு பொம்பிளைப்பிள்ளையிட்டை அதை நான் எப்பிடிச் சொல்லுறது? அவ நல்லாப் பயந்துபோய் இருந்தா. செவ்வாய்க்கிழமையையும் விட்டிட்டு, பயப்பிட ஒண்டுமில்லை, திரும்பக் கூப்பிடுவினம் எண்டு நானாத்தான் சொன்னனான்.”

பஸ்கள் வந்து வந்து போயின. “இப்ப எப்பிடி இருக்கிறா?” என்றார்.

விதிப்படி சொல்லக்கூடாது. “தப்பிட்டா” என்றேன். “உங்களை எழுதவேண்டாமெண்டு சொன்னதும் அவதான்.”

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். மாறாக, நெற்றியைச் சுருக்கினார். “ஏன் அப்பிடிச் சொன்னவ? என்னட்டை என்ன எதிர்பாக்கிறா?”

“ஒண்டும் எதிர்பாக்கேல்லை, அண்ணை.”

அவர் நம்பவில்லை. அவருடைய பஸ் வந்தது. ஏறி, மேல்தட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்வரை அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அங்கிருந்து யாரிடம் போகப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்பியவரைப்போல.