உதட்டின் மேல் வைத்த விரல்

“நாலு எழுத்துப் படிச்சுப்போட்டா ஊமையப் பேச வெச்சுருவியாக்கும்?”

என் அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மாமா கேட்டது இது. 1994 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். அவர் மகள் நிர்மலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை நாங்கள் நிம்மி என்று கூப்பிடுவோம். இரண்டரை வயது தாண்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். கீழே விழுந்தால் கண்ணில் தண்ணீர் வரும், வாயில் சத்தம் வராது. சத்தமில்லாமல் அழும் குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பது நல்லது.

அவர் கேள்வி என்னைச் சுட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு, அக்கா செலினும் கைநாட்டு. ஹனூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பி.யூ.சி. தேறி, மைசூரில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் வாங்கி, அந்த வருடம் ஜூனில்தான் அக்கா வீட்டில் தங்க வந்திருந்தேன். அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை. இப்போதும் ஒளிக்கவில்லை.

பயிற்சியில் ‘கவனிப்பாரற்ற குழந்தைகள்’ என்று ஒரு பாடம் நடத்தினார்கள். குடிகாரத் தகப்பன், ஓடிப்போன தாய் என்று உதாரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் குடிக்காத தகப்பன், ஓடிப்போகாத தாய், தகப்பனே தைத்த சுத்தமான கவுன் போட்ட பிள்ளை. அந்தப் பாடத்தில் எங்கள் வீடு இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் எனக்குள் வந்து நின்றது.

மாமா மண்டி மொஹல்லாவில் தையல்காரர். அக்கா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். விடிந்ததிலிருந்து பலகைக்கு முன்னால்தான் இருப்பாள். கை முழுக்கக் கறுப்பு மாவு ஒட்டியிருக்கும். அந்தக் கையால் பிள்ளையைத் தொடமுடியாது. நிம்மி மூலையில் கிடப்பாள். வெளியே ஓடிவிடாமல் கதவு சாத்தியே இருக்கும். பகலிலும் விளக்குப் போட்ட வீடு.

பிள்ளைக்குப் புத்தி இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கொள்ளேகால் பக்கம் அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்றில் மாமா பேசி வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் எதற்குமே மறுபேச்சுப் பேசவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊரில் குழாயடிச் சண்டை என்றால் “செலினக் கூப்புடுங்க” என்பார்கள்.

நாங்கள் செபிக்காமல் இல்லை. செபக்கூட்டத்துக்கு நிம்மியைத் தூக்கிக்கொண்டு போனோம். தலையில் கை வைத்தார்கள். ஒரு அம்மா அக்காவின் காதில், “விசுவாசம் பத்தலடி உனக்கு” என்றார். இன்னொருவர், “சிலுவைன்னு நெனச்சு ஏத்துக்க” என்றார். சிலுவை என்று சொன்னது யாருடைய மடியிலும் ஏறத் தெரியாத ஒரு குழந்தையை. இதை எழுதும்போதும் எனக்குக் கசக்கிறது. அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மாதா நவநாள் முடிந்து கோவில் காலியான பிறகு, நான் மட்டும் போகாமல் நின்றேன். முழந்தாளிடவில்லை. நின்றபடியே ஆண்டவரிடம் பேசினேன். “இந்தப் பிள்ளையைப் பேச வையும் என்று இனிமேல் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏன் பேசவில்லை என்றாவது சொல்லும். அதையும் சொல்லமாட்டீர் என்றால் நான் எதற்கு இங்கே வருகிறேன்?”

அடுத்த வாரமே பதிலுக்கு வழி திறந்தது. பேச்சு வராத, காது கேளாத பிள்ளைகளைப் பார்க்கும் ஓர் இடத்துக்கு எங்கள் பயிற்சி வகுப்பை அழைத்துப்போனார்கள். மைசூரிலேயே அப்படி ஓர் இடம் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அங்கேயே நிம்மியின் பெயரைப் பதிந்தேன். மாமாவிடம் சொல்லாமல், நவம்பரில் ஒரு காலையில் அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

காது நன்றாக இருந்தது. மணி அடித்தால் திரும்பினாள். பொம்மையை ஒளித்து வைத்தால் தேடி எடுத்தாள். பரிசோதித்த மேடம் எங்கள் பக்கம் திரும்பி, “வீட்டில் பேசுகிற மாதிரி பிள்ளையிடம் பேசம்மா, நான் பார்க்கிறேன்” என்று கன்னடத்தில் சொன்னார்.

அக்கா நிம்மியைப் பார்த்தாள். “பா” என்றாள். “கூத்கோ” என்றாள். கொஞ்சம் யோசித்து, “பேடா. சும்னிரு” என்றாள்.

வா. உட்கார். வேண்டாம். சும்மா இரு. அவ்வளவுதான். அதற்குமேல் அக்காவுக்கு வரவில்லை.

“நீங்கள் தமிழ்க்காரர்கள்தானே?” என்று மேடம் கேட்டார்.

அக்கா கதவைப் பார்த்தாள். நான் “ஆமாம்” என்றேன். தமிழில்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. உடனே நிம்மி நாற்காலியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். எட்டி, தன் சின்ன விரலை என் உதட்டின் மேல் வைத்தாள். “உஷ்” என்றாள்.

அவள் பேசக் கற்றது அது ஒன்றுதான்.

அந்த அறையில் அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் நடந்ததே, அப்போது நிம்மி வயிற்றில். மாமாவும் பக்கத்துக் கடைத் தமிழ்க்காரர் ஒருவரும் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது சந்தில் மறித்திருக்கிறார்கள். கன்னடத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாமா தடுமாறாமல் பேசினார், விட்டுவிட்டார்கள். கூட வந்தவருக்கு நாக்குப் புரளவில்லை. அவரை அடித்த அடியில் ஒரு கை இன்றுவரை மடங்குவதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மாமா ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டிலிருந்து தமிழ்ச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. பெரியவர்கள் கிசுகிசுவென்று பேசிக்கொள்ளலாம். குழந்தைக்குக் கிசுகிசுக்கத் தெரியாதே? அதனால் குழந்தையிடம் தமிழே பேசக்கூடாது. கன்னடத்திலேயே வளரட்டும். நாளைக்கு யார் மறித்தாலும் தப்பித்துக்கொள்ளும். நான் வந்த நாளிலிருந்தே அக்கா என்னிடம், “உஷ், மெல்லப் பேசு, புள்ளகிட்டக் கன்னடமே பேசு” என்று சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்காவிடம் கடையில் கேட்கவும் காண்டிராக்டரிடம் பதில் சொல்லவும் போதுமான கன்னடம் இருந்தது. கொஞ்சுவதற்குக் கன்னடம் இல்லை. தாலாட்டுவதற்கு இல்லை. நிலாவைக் காட்ட இல்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டாள். கலவரம் சில நாளில் ஓய்ந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அது மூன்று வருடம் நடந்துகொண்டிருந்தது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஏன் என்று கேட்டேன், ஏன் என்று காட்டிவிட்டார். ஏன் கேட்டோம் என்று இருந்தது.

மேடம் மருந்து எதுவும் தரவில்லை. “உனக்கு எந்த மொழியில் சிரிப்பு வருமோ அதில் பேசு. கை என்ன செய்கிறதோ அதை வாய் சொல்லட்டும். மடியில் வைத்துப் பேசு. வாராவாரம் வா, நீயும் பழகவேண்டும்” என்றார். பிள்ளைக்கு அல்ல, முதலில் தாய்க்குத்தான் பாடம். கிளம்பும்போது, “சீக்கிரம் செய்யுங்கள். இந்த வயது காத்திருக்காது” என்றார்.

சாயங்காலம் மாமா வந்ததும் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “பிள்ளைகிட்டப் பேசறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா? கேக்கறவன் சிரிப்பான். சத்தத்தக் கொற, லூர்து. அக்கம்பக்கம் கேக்குது” என்றார்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். கையில் மாவோடு எழுந்தாள்.

“கேக்கட்டுமுங்க! நல்லாக் கேக்கட்டும்! ஊருக்கெல்லாம் சட்ட தெச்சீங்க, எம்புள்ள வாயையுஞ் சேத்துத் தெச்சுப்போட்டீங்களே! அன்னிக்கு நீங்க பேசித் தப்பிச்சீங்க. இவ எதப் பேசித் தப்பிக்கிறது? சொல்லுங்க! நீங்க பெரிய டெய்லர்தானே, இந்தத் தையலப் பிரிச்சுக் குடுங்க பாக்கலாம்!”

நிம்மி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தாய் குரலை உயர்த்தி முழு வாக்கியம் பேசி அவள் கேட்டது அன்றுதான். அதுவும் வசவு.

கதவு தட்டப்பட்டது. மூன்று பேரும் கல்லானோம். நான்தான் போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டு கௌரம்மா நின்றார். இத்தனை வருடமும் எந்தச் சுவருக்குப் பயந்தோமோ அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்.

“ஏன்மா செலின், ஜகளத்துக்காவது வாய் தெறந்தியே! நான் ஊமைங்க மனென்னு நெனச்சிருந்தேன்” என்றார். தமிழில்! ஜகளம் என்றால் சண்டை, மனெ என்றால் வீடு; மற்றதெல்லாம் தமிழ். பிறகு, “எங்க தாயி சேலத்துக்காரி. நங்கூ தமிழ் பருத்தே” என்று சிரித்தார். எனக்கும் தமிழ் வரும் என்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. இதை ஒரு அற்புதம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கௌரம்மா நல்லவர்தான். ஆனால் அந்த டிசம்பரில் அவரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார். மறுநாளாவது வந்து ஒரு வார்த்தை தமிழில் கேட்டிருந்தால் நிம்மிக்கு மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். அவரிடமே ஒருநாள் இதைச் சொன்னேன். “ஹவுது, ஆமா, எனக்கும் பயம் இருந்துச்சும்மா” என்றார்.

மாமா அன்று இறங்கி வந்தது ஒரு படிதான். “ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள ஒரு வார்த்த வரோணும். வரலைன்னா இல்லந்தான்.”

அதன்பிறகு நாங்கள் பட்ட பாடு ஆண்டவருக்குத் தெரியும். அக்கா பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் பேச வாய் வராது. “என்னடி பேசறது இதுகிட்ட? செவுத்துகிட்டப் பேசற மாதிரி இருக்குது” என்பாள். “குச்சிய எடுத்தா குச்சின்னு சொல்லுக்கா” என்பேன். “இது குச்சி. இது மாவு. இது உங்கப்பன் மூஞ்சி மாதிரி கோணலாப் போச்சு, தூக்கிப் போடு” என்று மெல்ல மெல்ல என் பழைய அக்கா வெளியே வந்தாள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். நிம்மி முதலில் மடியில் விறைத்துக்கொண்டாள், மரக்கட்டை மாதிரி. மடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. வாராவாரம் மேடத்திடம் போனோம். கிறிஸ்துமஸ் போயிற்று. பொங்கல் போயிற்று. சாம்பல் புதன் வந்தது. வார்த்தை வரவில்லை. கோவிலில் நான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பெரிய வாரத்துக்கு முந்தின வாரம், ஈஸ்டருக்கு இரண்டு வாரங்கூட இல்லை. அக்கா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ச் சந்தையில் ஆடு ஒன்று கிழவியின் வெற்றிலைப் பையைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பழைய பயம். அக்கா சட்டென்று நிறுத்திவிட்டாள்.

நிம்மி அண்ணாந்து தாயின் வாயைப் பார்த்தாள். விரலைத் தூக்கினாள். உஷ் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். விரலால் அக்காவின் உதட்டைத் தட்டினாள்.

“தொல்லு” என்றாள்.

சொல்லு.

வாசலில் நின்றது மாமாதான். அவர் கேட்டுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவால் பேச முடியவில்லை, அழுகை. நிம்மிக்குப் பொறுமை போய்விட்டது. தகப்பனைப் பார்த்துத் திரும்பி, “தொல்லு!” என்று அதட்டினாள்.

“என்ன சாமி சொல்லோணும்?” என்றார் மாமா. மகளிடம் அவர் பேசிய முதல் தமிழ் அது. இல்லத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது 1998. நிம்மி ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழும் பேசுவாள், தெருவில் விளையாடிக் கன்னடமும் பேசுவாள். ஆண்டவர் செய்ததைச் சாட்சியாக எழுதினால் எல்லாம் தீர்ந்தது என்று முடிக்கவேண்டும் என்பார்கள். அப்படி முடித்தால் பொய். அவள் வகுப்பில் பின்தங்குகிறாள். நீளமாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பாதியில் வார்த்தையைத் தொலைத்துவிட்டு நிற்பாள். சத்தம் போட்டால் இன்னும் விரல் உதட்டுக்குப் போகிறது. அவளுக்குப் பிறகு பிறந்த ரோஸிக்கு இரண்டு வயதுதான். பிறந்த நாளிலிருந்து காதில் பேச்சு விழுந்த பிள்ளை. அவள் வாயை மூட முடியவில்லை. அவள் மளமளவென்று பேசும்போதெல்லாம் நிம்மிக்கு என்ன பறிபோனது என்று எனக்குத் தெரிகிறது. சந்தோஷமும் கசப்பும் ஒரே தட்டில்தான் கிடைக்கிறது. இரண்டையும் சாப்பிடுகிறேன்.

ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். நான் கோபமாகக் கேட்டேன், அவர் கோபிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு குழந்தையின் விரலால் பதில் சொன்னார். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று ஊமையாகக் கிடந்தால், பயப்படாமல் அவரிடம் ஏன் என்று கேளுங்கள். பதில் இனிப்பாக இருக்காது. ஆனால் வரும். இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் எந்த மொழியில் செபிக்கிறீர்களோ அந்த மொழியில் பிள்ளையிடம் பேசுங்கள். கை அழுக்காக இருந்தால் கழுவிவிட்டு மடியில் எடுங்கள்.

ஊதுபத்தி உருட்டும் வீடுகளில் இன்னும் எத்தனையோ கதவுகள் பகலில் சாத்திக் கிடக்கின்றன. நான் இப்போது ஆசிரியை. பள்ளி விட்டதும் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கோவிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையை ஃபாதரிடம் கேட்டு வாங்கினேன். போன சனிக்கிழமை பாய் விரித்தோம். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வந்தார்கள். எப்படிப் பேசுவது என்று காட்டியது அக்காதான், நான் இல்லை. அறைக் கதவு மழையில் உப்பி, சாத்த வராமல் நிற்கிறது. ஆசாரியை அனுப்பி இழைத்துத் தரச் சொல்வதாக ஃபாதர் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.