டவுன் ஹாலின் வடக்கு வாசல்

நான் பெற்ற மக்களே, புதுப்பித்த டவுன் ஹாலின் முன்படியில் நின்று நாம் எடுத்த படத்தில் நான் மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

ராஜா காலத்துக் கட்டடம் அது. மலையில் உடைத்த கருங்கல், சுண்ணாம்புச் சாந்து, அயனி மரத்து உத்திரம், மேலே ஓடு. சாரல் உள்ளே அடிக்காமல் சுற்றிலும் அகலமான வராந்தா. கட்டியவனுக்கு மழையும் தெரியும், வெயிலும் தெரியும். மனுசரைத் தரம் பிரிக்கவும் தெரியும். முன்படி மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு வடக்கே ஒரு குட்டை வாசல். குனிந்துதான் நுழைய வேண்டும்.

நாம் அய்யாவழிக்காரர்கள். தலைப்பாகை கட்டித்தான் ஆண்கள் கும்பிடுவோம். யாருக்கும் தலை குனியாதே என்பதற்காக அது. என் அப்பா மனுக் கொடுக்கப் போகும்போதும் கட்டியிருப்பார். சட்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை. வடக்கேதான் போகச் சொல்வார்கள். நிலையின் மேல்கல் தட்டித் தலைப்பாகை விழும்.

"கிரீடம் விழுந்து கெடக்கு, எடுலே!" என்று உள்ளே சிரிப்பார்களாம். அப்பா இதைச் சொல்லும்போது ஒருநாளும் சிரித்ததில்லை.

புதுப்பிக்கும் முன் ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். வடக்கு வாசலை அடைக்கப் போவதாக இன்ஜினியர் சொன்னதும் நான் எழுந்தேன்.

"அடைக்கப்பிடாது சார். எதுக்கு வச்ச வாசல்னு பக்கத்துல எழுதிப் போடணும்."

"அது சாமான் கொண்டுபோற வாசல்லா?" என்றார் அவர்.

"சாமான்தான் சார். எங்க அப்பாவும் அதுல ஒரு சாமான்."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பினார். "எல்லாரும் ஒண்ணா இருந்து சாயா குடிக்குத காலம். எதுக்குவே பழசக் கிண்டுதீரு?"

அதைத் தாங்கிக்கொண்டேன். பக்கத்திலிருந்த உங்கள் தாய்மாமன் என் சட்டையைப் பிடித்து இழுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"இரியும் அத்தான். நம்ம மானக்கேட்ட நாமளே விளிச்சுச் சொல்லணுமா? பிள்ளைகளுக்குத் தெரியாமப் போட்டும்."

கை தூக்கச் சொன்னார்கள். நம் ஆட்களின் கைகளும் அடைப்பதற்கே உயர்ந்தன.

இப்போது முன்வாசலில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள்: அன்றும் இன்றும் எல்லா மக்களுக்குமான மண்டபம். அதற்குக் கீழேதான் படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அன்று உங்களை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். வடக்குச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசல் இருந்த தடமே இல்லை. அந்த மேல்கல் என் மூக்குக்கு நேராக இருந்தது எனக்கு நினைவிருந்தது. வீட்டுச் சாவியை எடுத்து, அந்த உயரத்தில் பூச்சைக் கீறி, குறுக்கே ஒரு கோடு போட்டேன்.